நல்லாத்தாவைப் பாதியில் விட்டு வந்தேன்

கோயம்புத்தூரில் யாரிடமும் சண்டை போட முடியாது என்பது வந்திறங்கிய அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டோக்காரர் என்னைச் சரவணம்பட்டியில் வேறொரு கல்லூரி வாசலில் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போய்விட்டார். காவலாளியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு ஆட்டோக்காரரே திரும்பி வந்தார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். "ஏனுங்க அக்கா, காலேஜ் மாறிப்போச்சுங்களா? எம்மேலதான் தப்புங்க. ஏறுங்க, கொண்டுபோய் உட்டுப்போடறேனுங்க" என்றார். ஒரே மூச்சில் இத்தனை 'ங்க' வந்தால் கோபம் எங்கே போய் உட்காரும்? ஏறிக்கொண்டேன்.

மலேசியாவில் எங்கள் கிள்ளானில் இப்படி இல்லை. அங்கே டாக்சிக்காரரும் நானும் ஆளுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்துக்கொண்டு, கடைசியில் சிரித்துவிட்டுப் பிரிவோம். இங்கே மரியாதை முன்னால் வந்து நின்றுகொள்கிறது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவே முடிவதில்லை. சும்மா சொல்லவில்லை. இந்த மரியாதையால்தான் பிறகு ஒரு குடும்பம் மூன்று நாள் அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது.

நான் போனது படிக்க. ஐம்பத்தாறு வயதில் என்ன படிப்பு என்று என் தங்கை கேட்டாள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குழாயில் பெயர் ஒட்டுவது, எண் சரிபார்ப்பது, முடிவை எழுதுவது, இதுதான் என் கைப்பழக்கம். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஒத்துக்கொண்டேன். முதல் வாரம் பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். ஆறாவது வாரம் மூன்று பேர். அதில் ஒரு ஏழு வயதுக்காரி என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "ஆன்ட்டி, நீங்க கதை சொல்லல. ரிப்போர்ட் படிக்கிறீங்க."

எனக்கு அது தைத்துவிட்டது. சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் 'தொன்மமும் கதைசொல்லலும்' என்று மூன்று வாரச் சான்றிதழ் வகுப்பு நடக்கிறது என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டேன். தேறி வந்தால் சனிக்கிழமைகள் எனக்கு. தேறாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவது. இந்த முடிவோடுதான் விமானம் ஏறினேன்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் இருபத்திரண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்தில் இருந்தவள் கீர்த்தனா. மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே, "உக்காருங்க மேடம், ஃபேன் இந்தப் பக்கம்தான் சுத்தும்" என்றாள். கடைசி நாள் வரை அவள் தலைதூக்கிப் பாடம் கவனித்து நான் கண்டதில்லை.

உண்மையான பேராசிரியர் நிர்மலா என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். குரல் மெல்லியது, விதிகள் கடுமையானவை. கடைசி வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் ஒரு தொன்மக் கதை சொல்ல வேண்டும். அச்சில் வந்ததாக இருக்கக்கூடாது, ஒரு வாயிலிருந்து கேட்டதாக இருக்க வேண்டும். கையில் தாள் கூடாது. கதையைக் கொடுத்தவரோ அவர் வீட்டு ஆளோ அன்றைக்கு வகுப்புக்கு வந்து கேட்டு, "எங்க கதைதான்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை.

இடைவேளை முடிவதற்குள் பாதி வகுப்பு வீட்டுக்குப் போன் போட்டு வேலையை முடித்துவிட்டது. கீர்த்தனாவுக்குச் சத்தியமங்கலத்தில் ஒரு அத்தை இருந்தார். காட்டுக்குள் புலியைக் கட்டிவைத்த சாமியின் கதை அவரிடம் இருந்தது. "உங்களுக்கு யாரு இருக்காங்க மேடம்?" என்று கேட்டாள். இங்கே எனக்கு யாரும் இல்லை என்றேன். இதைக் கேட்ட நிர்மலா, "நீங்க வெளியூருங்கம்மா, வேணும்னா புத்தகத்துல இருந்தே ஒண்ணு எடுத்துக்கோங்க, பரவால்லீங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எல்லோருக்கும் என்ன விதியோ அதுதான் எனக்கும் என்று சொல்லிவிட்டேன்.

முதல் இரண்டு வாரமும் விடுதிச் சாப்பாட்டோடும் குறிப்பேட்டோடும் ஓடிப்போயின. காலையில் சந்தவை கொடுப்பார்கள். இடியாப்பத்துக்கு அக்கா தங்கை உறவு. எலுமிச்சை, தேங்காய், தக்காளி என்று மூன்று வேஷத்தில் வரும். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சானாய்க்கு அடித்துக்கொள்வதுபோல் இங்கே பிள்ளைகள் கொள்ளுப் பருப்புக்கு அடித்துக்கொள்வார்கள். எனக்கு அது மூன்றாம் நாள்தான் பிடித்தது. ஆனால் கதை மட்டும் கிடைக்கவில்லை. பேருந்து நிலையம், கோயில், பலசரக்குக் கடை என்று எங்கே கேட்டாலும், "எங்களுக்கு என்னங்க தெரியும், நீங்க படிச்சவங்க" என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டாம் வாரம் முடிந்த ஞாயிறு கொடுமுடிக்குப் போனேன். காவிரி கரை நிறைய ஓடியது. படித்துறையில் முப்பது நாற்பது பேர் மஞ்சள் துணி கட்டி, குடத்தில் தீர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஊரில் கோயில் குடமுழுக்காம். கொங்கு நாட்டில் எந்தக் கோயில் விசேஷத்துக்கும் இந்தத் தண்ணீர் போக வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார். குடத்தை வைத்து ஏதாவது கதை உண்டா என்று கேட்டேன். "இருக்குதுங்க. ஆனா நான் சொல்லக்கூடாதுங்க. குப்புசாமி ஊட்டுக்காரங்கதான் சொல்லோணும்" என்று ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, அந்த வழியாகப் போகும் பேருந்தில் ஏற்றியும் விட்டார்.

குப்புசாமிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி தங்கமணி முதலில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார், அப்புறம் மோர், அப்புறம் ஒரு நாற்காலி. குப்புசாமி ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றி, மறு கையால் செம்புக் கம்பியை விட்டுக் காயில் சுற்றும் வேலைக்கு நடுவே கதையை ஆரம்பித்தார். ஒரு காயில் முடியும் வரை பேச மாட்டார். சுற்று எண்ணிக்கை தவறிவிடுமாம். முடிந்ததும் கம்பியை நறுக்கிவிட்டுக் கொஞ்சம் சொல்வார். நான் போனில் பதிவை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"நாலு அண்ணனுக்கு ஒரே பொறந்தவளுங்க நல்லாத்தா" என்றார். "மூணு வருசமா மழையில்லீங்க. கொடுமுடித் தீர்த்தம் வந்து சாமிக்கு ஊத்துனாத்தான் மழை வரும்னு ஊர்ல சொல்லிப்போட்டாங்க. குடத்தைத் தலையில வெச்சா, எல்லைக்கல்லு வர்ற வரைக்கும் கீழ எறக்கக்கூடாதுங்க. நல்லாத்தாதான் எடுத்துட்டு வந்தா."

அடுத்த காயில். நான் காத்திருந்தேன்.

"வழியில ஒரு வெள்ளவேலா மரத்தடியில கன்னுக்குட்டி ஒண்ணு கெடந்துச்சுங்க. தாய்மாடு செத்துக் கெடக்குது. கன்னு நாக்கைத் தள்ளிட்டுக் கெடக்குது. இவ பாத்தா. குடத்தை எறக்குனா. மொத்தத் தண்ணியும் அதுக்கு ஊத்திப்போட்டா."

இன்னொரு காயில்.

"வெறுங்குடத்தோட எல்லைக்கு வந்தா. அங்க ஊரே நிக்குது, நாலு அண்ணனும் நிக்கறாங்க. பெரியண்ணன் குடத்துக்குள்ள பாத்தான். தீர்த்தமில்லாம ஊருக்குள்ள வராதேன்னு சொல்லிப்போட்டான். அவ குடத்தை அங்கயே வெச்சா. எல்லைக்கல்லுக்கிட்டப் படுத்தா. எந்திரிக்கவே இல்லீங்க."

இதைச் சொன்ன பிறகு அவர் கைப்பிடியைச் சுற்றவில்லை. தங்கமணி வாசற்படியில் வந்து நின்றிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஈரோட்டுக்கு நேராகப் போகும் கடைசிப் பேருந்து வர இன்னும் பத்து நிமிஷம். பதிவை நிறுத்தி, தேதி போட்டுப் பெயரிட்டுச் சேமித்தேன். இரண்டு பேருக்கும் நன்றி சொல்லி, வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு எழுந்தேன்.

தங்கமணி கணவரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். "சித்தெ இருந்துட்டுப் போலாமுங்களே அக்கா" என்றார் தங்கமணி. பேருந்து போய்விடும் என்றேன். "செரிங்க. போயிட்டு வாங்க" என்றார் குப்புசாமி. சாலை வரை இருவரும் கூட வந்தார்கள். நாலு தேங்காயும் ஒரு பை கத்தரிக்காயும் கொடுத்தார்கள். அடுப்பே இல்லாத விடுதி அறையில் கத்தரிக்காயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். கதை கையில் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

திங்கட்கிழமை பதிவைக் கேட்டு ஒரு சொல் விடாமல் எழுதினேன். செவ்வாய்க்கிழமை மதியம் கேன்டீனில் கீர்த்தனாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் பப்ஸ் தின்றுகொண்டே கேட்டாள். முடித்ததும், "அப்புறம்?" என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை, செத்துப்போனாள், அவ்வளவுதான் என்றேன். "அவ்ளோதானா?" என்று மறுபடி போனுக்குள் போய்விட்டாள். கிள்ளானில் அந்த ஏழு வயதுக்காரி பார்த்த பார்வை இதுதான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் குப்புசாமிக்குப் போன் செய்தேன். கன்றுக்குட்டி கிடந்த இடத்துக்குப் பெயர் ஏதும் உண்டா என்று கேட்கத்தான். அவர் ஊர் வழக்கப்படி, "சாப்பிட்டீங்களாக்கா?" என்றார். நான் சாப்பிடவில்லை, நீங்கள் சாப்பிட்டீர்களா என்றேன். "இன்னைக்கும் புரோட்டாதானுங்க" என்றார். பின்னாலிருந்து தங்கமணியின் குரல் கேட்டது. "அதையெதுக்கு அவங்ககிட்டச் சொல்றீங்க?"

ஆய்வுக்கூடத்தில் ஒரு எண் இடித்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக எனக்குத் தெரியாது. ஏன் இன்றைக்கும் புரோட்டா என்றேன். ஒண்ணுமில்லீங்க என்றார். சிலிண்டர் தீர்ந்துவிட்டதா என்றேன். இல்லீங்க என்றார். தங்கமணிக்கு உடம்பு சரியில்லையா என்றேன். நல்லாத்தானுங்க இருக்கா என்றார். விடாமல் கேட்டேன். கடைசியில் தங்கமணிதான் போனை வாங்கினார்.

"நல்லாத்தா வாசல்ல கெடக்கறப்ப அடுப்பு எப்படிங்கக்கா பத்த வெக்கிறது?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மெதுவாகச் சொன்னார். இந்தக் கதையை அவள் படுத்த இடத்தில் விடக்கூடாது. யார் கேட்டார்களோ அவர்தான் எல்லைக்கல்லுக்குப் போய், கதையைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, தண்ணீர் தெளித்து அவளை எழுப்ப வேண்டும். எழுப்பும் வரை கதை சொன்ன வீட்டில் இழவு. இழவு வீட்டில் அடுப்பு எரியாது. நான் கேட்டுவிட்டு எழுப்பாமல் பேருந்து ஏறிவிட்டேன். ஞாயிறு பொழுது சாய்ந்ததிலிருந்து மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"பஸ்ஸுக்குப் போறவங்களை எப்படிங்க நிறுத்தறது?" என்றார். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. நோம்பி வந்தா ஊரே சேர்ந்து எழுப்புவோமுங்க. அதுவரைக்கும் பாத்துக்கறோமுங்க."

நோம்பி என்றால் ஊர்த் திருவிழா. அது எப்போது என்றேன்.

"சித்திரையிலீங்க."

நடந்துகொண்டிருந்தது ஐப்பசி. ஆறு மாதம் புரோட்டா தின்பதற்கு இந்த இரண்டு பேரும் தயாராக இருந்தார்கள், ஒரு வெளிநாட்டுக்காரியிடம் 'கொஞ்சம் இருங்கள்' என்று அழுத்திச் சொல்வதற்கு மனம் வராமல். எனக்குக் கோபம், வெட்கம், சிரிப்பு மூன்றும் ஒன்றாக வந்தன. வெட்கம்தான் அதிகம். நாளைக் காலையில் வருகிறேன் என்றேன். "சிரமப்படாதீங்க" என்றார். சிரமமோ என்னவோ, வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

புதன்கிழமை காலை நிர்மலாவிடம் விடுப்பு கேட்கவில்லை, தகவல் மட்டும் சொன்னேன். "போயிட்டு வாங்கம்மா" என்றார்.

ஈரோட்டுக்குப் பிறகு ஏறியது ஒரு தனியார் பேருந்து. ஓட்டுநருக்கு முன்னால் போன பேருந்தோடு ஏதோ பழைய பகை. பாட்டு அலற, ஹாரன் அலற, நாங்கள் பறந்தோம். பாதி வழியில் முன்னாலிருந்து ஒரு சத்தம் வந்து, பிறகு புகை வந்து, வண்டி ஒரு வாழைத் தோட்டத்து ஓரம் நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எறங்குங்க. பொறகால வர்ற வண்டியில ஏத்தி உடறேனுங்க" என்றார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் நிரம்பி வந்தன. ஒரு மணி நேரம் போயிற்று. என் பக்கத்தில் நின்ற பெண்மணி முறுக்கை உடைத்துப் பாதி கொடுத்துவிட்டு, "அவசரமுங்களா?" என்று கேட்டார். ஒரு வீட்டில் அடுப்பு பற்றவைக்க வேண்டும் என்றேன். அவர் சாலைக்கு இறங்கினார். தேங்காய் ஏற்றி வந்த ஒரு டெம்போவைக் கையைக் காட்டி நிறுத்தி, ஓட்டுநரிடம் பேசி, என்னை முன்னால் ஏற்றிவிட்டார்.

டெம்போ ஓட்டுநர் என் பேச்சைக் கேட்டுவிட்டு இலங்கையா என்றார். மலேசியா என்றேன். அங்கே தேங்காய் என்ன விலை, பறிக்க ஆள் கிடைக்கிறார்களா என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு இரண்டுமே தெரியவில்லை. அவருக்கு என்மேல் இருந்த மதிப்பு குறைந்ததை நானே கண்டேன்.

போய்ச் சேரும்போது மணி ஒன்று. சமையலறையைப் பார்த்தேன். புதுக் கேஸ் அடுப்பு, பளபளவென்று துடைத்திருந்தது. அதன்மேல் ஒரு வெறுங்குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மூலையில் ஓட்டல் பொட்டலத் தாள்கள் மடித்து அடுக்கியிருந்தன.

எல்லைக்கல் பக்கத்திலேயே இருந்தது. முழங்கால் உயரம், ஒரு வெள்ளவேலா மர நிழலில். சுற்றிலும் மாடு மேய்கிற காடு, அதற்கப்பால் யாரோ ஒருவரின் தென்னந்தோப்பு. குப்புசாமி, தங்கமணி, நான், மூன்று பேர்தான். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள்.

"கதையைச் சொல்லி முடிச்சதும், அவ எதுக்கு எந்திரிக்கோணும்னு ஒரு காரணம் சொல்லோணுமுங்க" என்றார் குப்புசாமி. "சும்மா எந்திரின்னா எந்திரிக்க மாட்டா."

என்ன காரணம் என்றேன்.

"அது அவங்கவங்க காரணமுங்க. ஒரு கண்டக்டர் வந்து கேட்டாரு. கடைசி வண்டி கெளம்புது, எந்திரி கண்ணுன்னாரு. ஒரு நர்சம்மா, ஒரு கொழந்தை பொறக்கப் போகுது, கூட நிக்க ஆளில்லை, எந்திரின்னாங்க. எல்லாத்துக்கும் எந்திரிச்சாளுங்க."

பையிலிருந்து எழுதி வைத்த தாள்களை எடுத்தேன். தங்கமணி கையை நீட்டி அவற்றை வாங்கிக்கொண்டார். "இது எதுக்குங்கக்கா? நான் வெச்சிருக்கறேன்" என்றார். மரியாதையாகத்தான். ஆனால் இந்தத் தடவை விடவில்லை.

வெறுங்கையோடு ஆரம்பித்தேன். நாலு அண்ணன், ஒரு தங்கை, மூன்று வருஷம், மழையில்லை. அறிக்கை வாசிப்பதுபோலத்தான் வந்தது; என் காதுக்கே கேட்டது. குடத்தைத் தூக்கினாள், நடந்தாள் என்று சொன்னேன். கன்றுக்குட்டியிடம் வந்ததும் எனக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று. தாள் தங்கமணியிடம். குப்புசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்துக் கொடுக்கவில்லை.

வார்த்தை கிடைக்காமல் அந்த மரத்தடியைப் பார்த்தேன். அங்கே ஒரு கன்றுக்குட்டி கிடப்பதாக நினைத்துப் பார்த்தேன். அதன் நாக்கை, ஈ மொய்க்கிற கண்ணை. குடத்தை இறக்க அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று யோசித்தேன். அதைச் சொன்னேன். இறக்கலாமா வேண்டாமா என்று அவள் மூன்று முறை அதைத் தாண்டிப் போனாள், மூன்று முறை திரும்பி வந்தாள் என்று சொன்னேன். குப்புசாமி அப்படிச் சொல்லவில்லைதான். ஆனாலும் எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. என் குரல் மாறியிருந்தது. கதை எல்லைக்கு வந்தது, அண்ணன் குடத்துக்குள் பார்த்தான், அவள் படுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தங்கமணி சொம்பை என் கையில் கொடுத்தார். காரணம் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் யார் யாருடைய ரத்தத்தையோ பார்த்து முடிவு எழுதியவள் நான். முடிவை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்துப் போனவர்கள் எத்தனையோ பேர். அதுதான் வாயில் வந்தது.

"நல்லாத்தா, உங்க அண்ணன் குடத்தத்தான் பார்த்தான். தண்ணி எங்க போச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. நான் கேட்டேன், போய்ப் பார்த்துட்டு வந்தேன். கன்னு எழுந்து நிக்குதும்மா. நடக்குது. நீ எந்திரிச்சு வந்து பாரு."

தண்ணீரைத் தெளித்தேன். ஒரு மாடு எங்கேயோ மணியை ஆட்டியது. "செரிங்க" என்றார் தங்கமணி. அவ்வளவுதான். வேகமாக வீட்டுக்கு நடந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கவிழ்ந்திருந்த குடத்தை எடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருந்தார். குக்கர் மூன்று விசில் அடித்தது. அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்ட சாதம், மேலே நெய், ஓரத்தில் அப்பளம். குப்புசாமி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். நானும்தான். கிள்ளானில் எத்தனையோ கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். இதற்கு ஈடு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை முழுக்க விடுதி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்று கதை சொன்னேன். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தது. முன்பென்றால் பயந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு இருவரும் வந்தார்கள். தங்கமணி பட்டுச் சேலை, குப்புசாமி வெள்ளைச் சட்டை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கீர்த்தனா அவர்களுக்கு இடம் விட்டு முன்வரிசைக்குப் போனாள். காலையில் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கீர்த்தனாவின் அத்தை வந்து புலிக் கதைக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி ஆள் நான்.

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் நின்றேன். குடம் தலைக்கு ஏறியதும் அந்தக் கவலை போய்விட்டது. தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள். இரண்டாம் முறை திரும்பியபோது ஒரு பையன் "ஊத்திரு" என்று முணுமுணுத்தது கேட்டது. எல்லைக்கு வந்தேன். தீர்த்தமில்லாமல் ஊருக்குள் வராதே. அவள் படுத்தாள். நான் நிறுத்தினேன்.

அதே நேரம் மணி அடித்தது. வெளியே மற்ற வகுப்புகள் கலைந்து ஓடுகிற சத்தம். எங்கள் வகுப்பில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கிள்ளானில் கதை முடிவதற்கு முன்பே எழுந்து போனவர்களைப் பார்த்தவள் நான்.

"அப்புறம் என்னாச்சுங்கம்மா?" என்றார் நிர்மலா.

அப்புறம் என்னிடம் இல்லை என்றேன். கேட்டவர்கள்தான் எழுப்ப வேண்டும், ஒரு காரணம் சொல்லி. அதுவரை அவள் இங்கேயேதான் கிடப்பாள், யாரும் சாப்பிடப் போக முடியாது. மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை நடுவில் வைத்தேன்.

"மெஸ்ல இன்னைக்கு சிக்கன், தீந்துரும், எந்திரி நல்லாத்தா" என்றான் ஒரு பையன். சிரித்தார்கள். நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். தங்கமணி அசையவில்லை. சிரிப்பு தானாக அடங்கியது.

பிறகு கீர்த்தனா எழுந்தாள். போனை பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தாள். பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். யாரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நல்லாத்தா. நான் இதுக்கு முந்தி இன்ஜினியரிங் படிச்சேன். நாலு பேப்பர் போச்சு. மார்க் ஷீட்டைக் கையில வாங்கிப் பாத்துட்டு, ஊட்டுக்குள்ள வராதேன்னு எங்கப்பாவும் சொன்னாரு. வேற ஒண்ணும் கேக்கலை. நானும் போய்ப் படுத்துக்கிட்டேன். எட்டு மாசம் படுத்தே கெடந்தேன். எங்க அத்தைதான் வந்து எழுப்புனாங்க. எந்திரிச்சுத்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன். உனக்குப் பக்கத்துல எடம் இருக்குது. நீயும் எந்திரிச்சு வந்துரு."

தண்ணீரைக் கையில் ஊற்றித் தெளித்தாள். அது முன்வரிசைப் பிள்ளைகளின் செருப்பையெல்லாம் நனைத்து ஓடியது. ஒருவரும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

நிர்மலா கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். தங்கமணி எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க கதைதானுங்க" என்றார். "எந்திரிச்சுட்டா. வாங்க, சாப்பிடப் போலாமுங்க."